பெட்டி பூட்டலாமா?

யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளின் ஓரத்தே இன்றும் சிற்சில இடங்களிற் சுமைதாங்கிகளைக் காணலாம். தலையிலே பாரஞ் சுமந்து வந்த வழிப்போக்கன், பிறர் கைகொடுக்காமலே தன் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவான். பின்னர்த் தானே அதனைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவான். மடம், கேணி, ஆவுரோஞ்சிக்கல் என்பவற்றோடு சுமைதாங்கியும் அமைத்தல் அக்காலத்தார் போற்றிய அறங்களுள் ஒன்று. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நிறுவும் வழக்கமும் தமிழரிடையே இருந்தது. சுமப்பதற்கு வலிமை இருந்தால் மட்டும் போதாது, இறக்கி வைக்க வழியும் இருக்கவேண்டும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

இன்று தலைச்சுமை அருகிவிட்டது. பாரம் சக்கரங்களின்மேல் ஏறிவிட்டது. ஆயினும், எவ்வளவு சுமப்பது, எங்கே வைத்துச் சுமப்பது, எப்போது இறக்குவது என்னும் வினாக்கள் மாறவில்லை. மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரப் பயணஞ் செய்ய விரும்பும் இளைஞர் பலர் இக்காலத்திற் கேட்பது இதுவே: கழற்றிப் பூட்டத்தக்க பெட்டிகளை வண்டியிற் பொருத்துவதா, வேண்டாமா? கடையிற் பார்த்தாற் கண்ணைக் கவரும் பொருள், விலையோ சிறிதன்று. இதைப்பற்றி வீட்டிலே தாய்க்கு ஒரு கவலை, மனைவிக்கு வேறொரு கவலை. ஆதலின் ஆறஅமர இதனை ஆராய்வது பயனுடைத்து.

ஆராய்ச்சிக்கு வசதியாக ஒருவரை மனத்திற் கற்பனை செய்துகொள்வோம். அவர் யாழ்ப்பாணத்தில் ஓர் இளம் ஆசிரியர். 150 சி.சி. இயந்திரங்கொண்ட மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். பாடசாலை நாட்களில் ஒழுங்கைகளினூடே போய்வருவார். ஏப்ரல் விடுமுறையில் மனைவியைப் பின்னிருத்தி ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியா வரை சென்றுவர எண்ணுகிறார். புறப்படும் ஊரில் வெயில் கொளுத்தும். போய்ச்சேரும் ஊரோ கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. இரவில் குளிர் வாட்டும். இடைவழியில் ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் மழை காத்திருக்கும். ஆகவே பருத்தியாடையும் வேண்டும், கம்பளியும் வேண்டும், மழையங்கியும் வேண்டும். “பெரியதொரு பெட்டி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!” என்னும் ஆசை இங்கேதான் முளைக்கிறது.

இவ்வாசை புதியதன்று. கண்டியரசு நிலவிய காலத்தில் மலைநாட்டுக்கு உப்பும் பிற பண்டங்களும் கொண்டு சென்ற பொதிமாட்டுக் கூட்டங்களைத் ‘தவளம்’ என்றழைத்தனர். மாட்டின் முதுகில் இருபுறமும் எடையொத்த பொதிகள் தொங்கும். ஒரு புறம் கனத்தால் மலைப்பாதையில் மாடு இடறும் என்பதைத் தவளக்காரர் எந்த நூலையும் படித்து அறியவில்லை. தங்குமிடம் வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை பொதிகளை இறக்குவது. மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும், ரொட்டிக் கூடை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. மிருகத்தின் இருபுறமும் கூடை தொங்கவிட்டுச் சென்ற பழைய வழக்கத்தை அது இன்றும் நினைவூட்டுகிறது.

திறவுகோலால் பூட்டிக் கழற்றும் வன்பெட்டிகள் மோட்டார் சைக்கிள்களிற் பரவலாகத் தொடங்கியது 1970களிலேயாம். ஜேர்மனியில் கிரவுசர் என்பவர் பி.எம்.டபிள்யூ வண்டிகளுக்கென வழங்கிய பெட்டிகள் பெயர்பெற்றன. இத்தாலியில் முன்னாட் பந்தயவீரர் ஜூசெப்பே விசென்சி 1978 இல் ‘கிவி’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பெட்டி என்றதும் பலர் நாவில் வருவது அப்பெயரே. ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1975 இல் வெளியிட்ட ‘கோல்ட் விங்’ என்னும் நெடும்பயண வண்டி பெட்டி இல்லாமலே வந்தது. வாங்கியவர்கள் பிறர் செய்த பெட்டிகளையும் காற்றுமறைப்புகளையும் தாமே பூட்டிக்கொண்டனர். 1980 இல் அந்நிறுவனமே அவை யாவும் பொருந்திய வகையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2018 இல் வண்டியை மறுபடி வடிவமைத்தபோது எடையைக் குறைத்து, பெட்டிகளின் மொத்தக் கொள்ளளவையும் 110 லீற்றர் அளவுக்குச் சுருக்கி, மேற்பெட்டி உள்ள வகை, இல்லாத வகை என இரண்டாகப் பிரித்தது. பின்னர் 2021 இல் மேற்பெட்டியின் கொள்ளளவை 50 லீற்றரிலிருந்து 61 லீற்றராக உயர்த்தியது. பெருவண்டி செய்வோருக்கே அரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு இது. நம் ஆசிரியர் தயங்குவதில் வியப்பென்ன?

முதலில் எடையைக் கணக்கிடுவோம். மாணவர்கள் ஒரு கடதாசியை எடுத்து உடன் எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் அது சுமக்கத்தக்க உச்சப் பாரம் இவ்வளவு என்று அதன் கைந்நூலிற் குறித்திருப்பர். அந்தப் பாரத்தில் ஓட்டுபவரும், பின்னிருப்பவரும், அவர்கள் அணிந்திருப்பனவும், பெட்டியும், பெட்டியைத் தாங்கும் சட்டமும், உள்ளிருக்கும் பொருளும் யாவும் அடங்கும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆட்கள் போக மிச்சமெல்லாம் பெட்டிக்குள் வைக்கலாம் என எண்ணுகின்றனர்.

நம் ஆசிரியரின் வண்டி 150 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 70 கிலோ. மனைவி 55 கிலோ. தலைக்கவசம், மேலங்கி, சப்பாத்து எல்லாம் இருவருக்குமாக 8 கிலோ. மொத்தம் 133. மிச்சம் 17 கிலோ. இரண்டு பக்கப்பெட்டிகள், ஒரு மேற்பெட்டி, அவற்றைத் தாங்கும் இரும்புச்சட்டம் என்பன வெறுமையாகவே 15 கிலோ ஆதல் எளிது. அப்பாற் பொருள் வைக்க எஞ்சுவது 2 கிலோ! பெரும் பணங்கொடுத்துப் பூட்டிய பெட்டிகளில் ஒரு துவாயும் ஒரு சோடி உடையும் வைத்ததோடு வண்டியின் எல்லை முடிந்துவிடுகிறது.

இதே கணக்கைப் பெரிய வண்டியொன்றுக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாகும். பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். என்னும் வண்டி எரிபொருள் நிரம்பிய நிலையில் 249 கிலோ. பாரத்தோடு அதன் மொத்த எடை 465 கிலோ வரை இருக்கலாம். ஆக 216 கிலோ சுமக்கும். மேலே கூறிய 133 கிலோவும் 15 கிலோவும் போனாலும் 68 கிலோ மிஞ்சுகிறது. வெளிநாட்டுப் படங்களில் மூன்று பெட்டிகளோடு மலையேறும் வண்டியைக் கண்டு நாமும் அவ்வாறே செய்ய விழைவோமாயின், அந்த வண்டிக்கும் நம் வண்டிக்கும் உள்ள இந்த வேற்றுமையை முதலில் நினைத்தல் வேண்டும்.

பெட்டிக்கும் தனியே ஓர் எல்லை உண்டு. பெட்டியோடு வரும் குறிப்புச் சீட்டைப் படிப்பவர் குறைவு. 50 லீற்றர் கொள்ளும் மேற்பெட்டிக்கும் 10 கிலோவே பெரும்பாலும் எல்லையாக இருக்கும். சில வண்டிகளில் 5 கிலோ மட்டுமே. 50 லீற்றர் நீர் 50 கிலோ எடையுள்ளது என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். ஆகவே பெட்டி இடத்தைத் தாராளமாகத் தருகிறதே அன்றி, அந்த இடம் முழுவதையும் கனத்த பொருளால் நிரப்ப அனுமதி தரவில்லை. கம்பளியும் மழையங்கியும் அதற்கு ஏற்றவை. ஆயுதப்பையும் தண்ணீர்ப் போத்தல்களும் வீட்டுக்கு வாங்கிய கித்துள் பாணியும் ஏற்றவையல்ல.

இனி, பாரத்தை எங்கே வைப்பது என்பதைப் பார்ப்போம். கிணற்றடியிலே துலாவைக் கண்டவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. துலாவின் ஒரு தலை தாழ்ந்தால் மறுதலை உயரும். அச்சிலிருந்து எவ்வளவு தூரத்திற் பாரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் வலு மிகும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சே இங்குத் துலாவின் அச்சு. மேற்பெட்டி பெரும்பாலும் அந்த அச்சுக்கும் பின்னால், வண்டியின் வாற்புறத்திலே அமைகிறது. இரு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கிடையே 130 சென்ரிமீற்றரும், பெட்டியின் நடுவுக்கும் பின்னச்சுக்கும் இடையே 35 சென்ரிமீற்றரும் இருப்பின், 10 கிலோப் பாரம் முன்சக்கரத்திலிருந்து ஏறக்குறைய 2.7 கிலோவைத் தூக்கிவிடுகிறது, பின்சக்கரத்தில் 12.7 கிலோவை ஏற்றுகிறது.

2.7 கிலோ அற்பமென்று தோன்றலாம். ஆனால் முன்சக்கரமே வண்டியைத் திருப்புவது. கடும் பிறேக்கின்போது வண்டியை நிறுத்துவதும் பெரும்பாலும் அதுவே. பின்னிருப்பவரின் எடையால் ஏற்கெனவே இலேசாகிவிட்ட அந்தச் சக்கரம், றம்பொடையிற் செங்குத்தாக ஏறும்போது மேலும் இலேசாகும். பாரம் உயரத்தில் இருப்பதால் வளைவுகளில் வண்டி சாய்வதற்கும் நிமிர்வதற்கும் சோம்பும். வேகம் மிகும்போது வால்பக்கம் மெல்ல ஆடத் தொடங்குவதும் உண்டு. அதனாலேயே கிவி நிறுவனம் தன் பெட்டி பூட்டிய வண்டி மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது என்று எச்சரிக்கிறது. நம் நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லையாதலால் அந்த வேகம் நமக்கு வேண்டுவதன்று. நமக்குரிய தொல்லை வேறு: பள்ளத்தில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் 10 கிலோ பன்மடங்காகிச் சட்டத்தையும் திருகாணிகளையும் அறைகிறது. வாற்சட்டம் வெடிப்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. பல்லாயிரம் சிறு அறைகளின் விளைவு அது.

பக்கப்பெட்டிகள் இவ்வகையில் மேலானவை. பாரம் தாழ்ந்தும், அச்சுக்கு அண்மையிலும், இருபுறமும் ஒத்தும் நிற்கிறது. தவளக்காரரின் முறையே இதுவும். ஆனால் அகலம் என்னும் வேறொரு விலையை அவை கேட்கின்றன. கைபிடி போன வழியில் வண்டி முழுவதும் போகும் என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் உடலிலே ஊறிய கணக்கு. பெட்டிகள் கைபிடியிலும் அகலமானால் அக்கணக்குப் பொய்த்துவிடும். ஒழுங்கையின் வேலிக் கதியாலிலும், கண்டி நகரின் நெரிசலில் நிற்கும் பஸ்ஸின் மூலையிலும் பெட்டி முட்டிய பிறகே பலருக்கு அந்த உண்மை தெரியவருகிறது.

அத்துடன் காற்று. ஆனையிறவிலே இருபுறமும் நீரும் வெளியுமாய்க் கிடக்கும் பாதையிற் சோளகம் வீசும் மாதங்களில் வண்டி ஓட்டியவர்கள் அதன் தள்ளுதலை அறிவர். வாடைக் காலத்திலும் அப்படியே. சங்குப்பிட்டிப் பாலத்தின் மீதும் மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாதையிலும் இதே நிலைதான். தட்டையான பெட்டிப் பக்கங்கள் பாய் போலக் காற்றை ஏற்கும். மேற்பெட்டியில் விழும் காற்று பின்சக்கரத்துக்குப் பின்னிருந்து தள்ளுவதால் வண்டியின் முகத்தையே சற்றுத் திருப்பப் பார்க்கும். இதற்கு மருந்து வேகத்தைக் குறைத்தல் ஒன்றே, வேறு சூழ்ச்சியில்லை.

பின்னிருந்து வருபவரைப்பற்றியும் இங்கே சொல்லவேண்டும். பெட்டி வாங்கும் பேச்சில் அவர் கருத்தைக் கேட்பவர் குறைவு. விழுந்தால் முதலில் அடிபடுபவரோ பெரும்பாலும் அவர்தாம். மேற்பெட்டி முதுகுக்குச் சாய்வாக இருக்கும் என்பது உண்மையே. நீண்ட பயணத்தில் அது ஆறுதலும் அளிக்கும். ஆயினும் அந்தச் சாய்வைத் தாங்குவன ஒரு தட்டும் சில திருகாணிகளுமே என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். பக்கப்பெட்டிகள் இருக்குமிடத்து ஏறுவதும் இறங்குவதும் கடினமாகும். நம் நாட்டில் ஓடும் இந்திய வண்டிகள் பலவற்றிற் பின்சக்கரத்தின் இடப்புறம் சேலைக்காப்புப் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றினாற்றான் பெட்டிச்சட்டம் பொருந்தும் என்று சொல்லுங் கடைக்காரரும் உளர். சேலையோ தாவணியோ சக்கரத்திலே சுற்றிக்கொண்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் காப்பை அகற்ற வேண்டுமென்றால் அந்தச் சட்டம் நம் குடும்பத்துக்கு ஏற்றதன்று என்று தீர்மானித்துவிடலாம்.

பெட்டி வன்மையானதா, துணிப்பையா என்பது அடுத்த வினா. வன்பெட்டி மழையைத் தடுக்கும்; பூட்டி வைக்கலாம்; வண்டி சரிந்தால் உள்ளிருக்கும் பொருளையும் ஓரளவு காக்கும். ஆனால் சேற்றிலும் மணலிலும் கால் ஊன்றி மெல்லச் செல்லும்போது, ஊன்றிய காலைப் பின்னிருந்து வரும் வன்பெட்டி பற்றிக்கொள்வதுண்டு. கணுக்கால் முறிந்தவர்கள் இருக்கிறார்கள். துணிப்பை அவ்வாறு காலைப் பிடிப்பதில்லை, எடை குறைவு, விலையும் குறைவு. அதன் குறைகள், திருடனுக்கு எளிது என்பதும், மழைக்கு உள்ளே இன்னோர் உறை வேண்டும் என்பதும், புகைக்குழாயின் சூட்டில் எரிந்துபோகலாம் என்பதுமாம். சக்கரத்தினுள் சாயாதபடி ஒரு சிறு தாங்கியும், சூட்டைத் தடுக்க ஒரு தகடும் இருந்தால் பின்னைய குறை நீங்கும்.

இவ்வளவும் பெட்டியைப்பற்றியது. ‘கழற்றத்தக்க’ என்னும் சொல்லையும் ஆராயாமல் விடலாகாது. விலையின் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்கே கொடுக்கப்படுகிறது. விடுதிக்குப் போனதும் திறவுகோலைத் திருப்பிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குச் செல்லலாம். ஊருக்குத் திரும்பியதும் கழற்றி மூலையில் வைத்துவிட்டால், மறுநாள் பாடசாலைக்குச் செல்வது பழைய மெல்லிய வண்டியே. இந்த வசதி மெய்யாகவே அரியது. ஆனால் எத்தனைபேர் கழற்றுகிறார்கள்? ஒரு வருடத்தில் 10 நாள் பயணத்துக்காகப் பூட்டிய பெட்டியை மிச்ச 355 நாளும் காற்றை நிரப்பிச் சுமந்து திரிபவர்களை வீதியிற் காண்கிறோம். கழற்றாத பெட்டிக்குக் கழற்றும் விலை கொடுத்தல் வீண்செலவு.

ஆதலால் வாங்குமுன் கடைக்காரரிடம் பெட்டி பூட்டிய வண்டியைக் காட்டச் சொல்வதோடு நில்லாமல், பெட்டி கழற்றிய வண்டியையும் காட்டச் சொல்லுங்கள். சிலவற்றிற் பெட்டி போனபின்னும் அகன்ற இரும்புச்சட்டம் இருபுறமும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது அகலமும் எடையும் பாதியளவே குறையும். சட்டத்தை வண்டியில் ஏற்கெனவே உள்ள திருகாணித் துளைகளிலே பொருத்தவேண்டும். வண்டியின் சட்டத்தில் ஒட்டு வேலை செய்து இரும்பை இணைப்பதோ, புதுத் துளையிடுவதோ கூடாது. இணைத்த இடத்தருகே இரும்பு வலுவிழந்து, பாரமும் அதிர்வும் சேர்ந்தபோது அங்கேதான் வெடிக்கும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டமையால் நம்மிற் பலர் ஓட்டுவன வயதேறிய வண்டிகள். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் அவற்றின் வாற்சட்டம் துருவேறியிருக்கக்கூடும். பெட்டிக்கு முன் அதனைச் சோதிப்பதே முறை.

பூட்டிய பின் ஒவ்வொரு முறையும் பெட்டியை இரு கைகளாலும் பிடித்து மேலும் பின்னும் ஓங்கி இழுத்துப் பார்க்கவேண்டும். ‘கிளிக்’ என்று ஒலி கேட்டது போதாது. பாதி பூட்டிய பெட்டி வீதியிற் கழன்று விழுந்தால் நட்டம் பொருளோடு முடிவதில்லை; பின்னால் வரும் ஒருவருடைய உயிரை அது கேட்டுவிடலாம். பாரமேற்றியபின் பின் ரயரின் காற்றழுத்தத்தையும் பின் வில்லின் இறுக்கத்தையும் கைந்நூல் சொல்லும் அளவுக்கு உயர்த்தவேண்டும். வால் தாழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும், அதையும் திருத்தவேண்டும்.

இத்தனைக்கும் மேலே, மனித மனத்தின் ஒரு குணத்தை நினைவிற் கொள்ளவேண்டும். இடம் இருந்தால் அதை நிரப்பாமல் அதற்கு அமைதியில்லை. 1952 இல் சே குவேராவும் அவர் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் 500 சி.சி. நோர்ட்டன் வண்டியொன்றில் தென்னமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்ட கதை உலகறிந்தது. இருவரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய அந்தப் பழைய வண்டி வழியெல்லாம் சரிந்து விழுந்து, கடைசியிற் சிலி நாட்டில் ஓய்ந்துவிட்டது. மிச்சப் பயணத்தை அவர்கள் பிறர் வாகனங்களிலும் கப்பலிலும் தெப்பத்திலும் முடித்தனர்.

நம் வீடுகளுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் வெளியேறிய இரவை அறிந்த குடும்பங்கள் பல. சைக்கிளின் கரியரில் எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க அன்று கிடைத்த நேரம் மிகச் சிறிது. அப்படி ஒரு நாளைக் கண்ட தாய், மகனின் பயணப்பையில் “எதற்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு பொருளைத் திணிப்பாளாயின் அதை நகைத்தல் தகாது. எனினும் விடுமுறைப் பயணம் இடப்பெயர்வன்று. மறந்துபோன சவர்க்காரத்தை மாத்தளையில் வாங்கலாம். மறந்துபோன கம்பளித் தொப்பியை நுவரெலியாவிலேயே வாங்கலாம். அன்னையரிடம் இதை அன்போடு எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை.

எனவே பெட்டிக் கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்க. கொண்டுபோக விரும்புவன அனைத்தையும் கட்டிலின்மேற் பரப்புக. கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்து மூன்றில் ஒரு பங்கை நீக்குக. எஞ்சியதைத் தராசில் நிறுத்து எழுதுக. பின்னர் அதே அளவு எடைக்குத் தண்ணீர்ப் போத்தல்களை ஒரு பையில் அடுக்கி, வண்டியில் இறுகக் கட்டி, இருவருமாகப் பருத்தித்துறை வரை போய்வருக. ஒரு லீற்றர்ப் போத்தல் பத்து, 10 கிலோ. வளைவிலும் பிறேக்கிலும் வண்டி சொல்வதை இந்தச் சிறு பயணம் தெளிவாக எடுத்துரைக்கும். இதற்குச் செலவு சிறிது பெற்றோல் மட்டுமே.

நம் ஆசிரியருக்கு என் விடை இது. அவர் வன்பெட்டிகளைப் பூட்ட வேண்டியதில்லை. கழற்றத்தக்க துணிப்பைகள் ஒரு சோடி, அவற்றுக்குரிய இலேசான தாங்கியோடு, 3 கிலோவில் அடங்கும். மிச்சம் 14 கிலோவுக்குப் பொருள் வைக்கலாம். இருவருக்கு ஐந்து நாளுக்கு அது தாராளம். கனத்த பொருள் கீழேயும் முன்னேயும், இலேசானது மேலேயும் பின்னேயும் வைக்கவேண்டும். இருபுறமும் எடை ஒத்திருக்கவேண்டும். மீதமான பணத்தில் முதலில் மனைவிக்கு அளவான, தரமான தலைக்கவசம். அடுத்துத் தேய்ந்த பின் ரயருக்குப் பதிலாகப் புதியது. இவ்விரண்டும் இல்லாத வண்டிக்குப் பெட்டி என்பது அழகுக்கு மேல் ஒன்றுமில்லை.

வேறொருவருக்கு விடை வேறாகலாம். தனியே பயணஞ் செய்பவருக்குப் பின்னிருப்பவரின் எடை முழுவதும் மிச்சம். அவர் பக்கப்பெட்டிகளைத் தாராளமாகப் பூட்டலாம். பெரிய வண்டி வைத்திருப்பவரும், மாதந்தோறும் மழையிலும் வெயிலிலும் ஊரூராகத் தொழில் நிமித்தம் செல்பவரும், வழியில் வண்டியை விட்டு நெடுநேரம் அகலவேண்டியவரும் வன்பெட்டியால் மெய்ப்பயன் பெறுவர். அவர்களுக்கும் பக்கப்பெட்டி முதலில். மேற்பெட்டி பின்னர், அதுவும் சிறியதாக. குழந்தையையும் நடுவில் இருத்திக்கொண்டு, மேற்பெட்டியும் பூட்டி, மலைநாட்டுக்குப் புறப்பட நினைக்கும் குடும்பத்தாருக்குச் சொல்லத்தக்க விடை ஒன்றுதான்: அந்தப் பயணத்துக்குப் பஸ் இருக்கிறது, புகையிரதமும் இருக்கிறது.

பெட்டி பூட்டுவதா என்று கேட்பவர் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்கட்டும். ஆட்களையும் பெட்டியையும் ஏற்றியபின் என் வண்டிக்கு எத்தனை கிலோ மிச்சம்? பின்னிருப்பவர் இதற்கு மனமொப்பினாரா? ஊர் திரும்பிய அன்றைக்கே இதைக் கழற்றி வைப்பேனா? மூன்றுக்கும் நேர்மையான நல்ல விடை இருக்குமாயின் தயங்காது பூட்டலாம். ஒன்றுக்கேனும் விடை தடுமாறினால், இந்த வருடம் துணிப்பையோடு போய்வருக. நுவரெலியாவின் குளிரும் றம்பொடையின் அருவியும் பெட்டி இல்லாதவரை விலக்கி வைப்பதில்லை.